பிறர் செயலும் நம் சினமும்

உத்ஸவ காலத்தில் எம்பெருமான் தன் கர்ப்பக்ருஹத்தை விட்டு வீதிக்கு எழுந்தருளுகிறான். அவனைச் சேவிக்க நாமும் வீட்டை விட்டு வீதிக்கு வருகிறோம். வீட்டிற்குள் இருக்கும் வரையில் நம்மைப் பொறுமைசாலிகள் என்று நினைத்துக்கொள்வது எளிது. வீதிக்கு வந்த பிறகே நம் பொறுமையின் அளவு தெரிகிறது. ஒருவர் காலை மிதித்துக்கொண்டு முன்னே போகிறார். ஒருவர் தீபாராதனையின் போது கைபேசியை உயரத் தூக்கி நம் கண்ணை மறைக்கிறார். ஒருவர் சர்க்கரைப் பொங்கலை உண்டு தொன்னையை நின்ற இடத்திலேயே போடுகிறார். வாசலில் காலணிகள் வழியை அடைத்துக் கிடக்கின்றன. வில்லியனூர்த் தேரோட்டத்திலும், மாசி மகத்தன்று பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் வைத்திக்குப்பம் கடற்கரையிலும் ஒரு நாழிகை நின்றவர்கள் இப்பட்டியலை இன்னும் நீட்டுவார்கள்.

இவை பெரிய குற்றங்கள் அல்ல. யாரும் நம் சொத்தைக் கவரவில்லை, நம் குலத்தைப் பழிக்கவில்லை. ஆயினும் மனம் கொதிக்கிறது. பெரும் பகையைப் பொறுத்தவர்களும் எதிரில் வந்து இருமுகின்ற மனிதரைப் பொறுக்கமாட்டாமல் தவிப்பதை நாம் காண்கிறோம். ஆகவே இச்சிறு எரிச்சலைப் பற்றிச் சற்று ஆராய்வது உசிதம் என்று தோன்றிற்று.

ஸ்ரீமத் பகவத்கீதையின் இரண்டாம் அத்யாயத்தில் கண்ணன் சினத்தின் வம்சாவளியைக் கூறுகிறான். ஒன்றை ஓயாது நினைப்பதால் பற்று, பற்றினால் ஆசை, ஆசையினால் கோபம், கோபத்தினால் மயக்கம், மயக்கத்தினால் நினைவு தடுமாறுதல், அதனால் புத்தி நாசம். ஆசையிலிருந்து கோபம் எப்படிப் பிறக்கிறது? இவ்விடத்தில் எம்பெருமானார் தம் பாஷ்யத்தில் நுட்பமான ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டுகிறார். விரும்பிய பொருள் கைக்கு எட்டாதபோது, அப்பொழுது அருகில் இருக்கின்ற மனிதர்கள் மேல், இவர்களால்தான் நம் விருப்பம் கெட்டது என்று கோபம் பாய்கிறதாம். அருகில் இருப்பவர்கள் மேல் என்பதுதான் கவனிக்க வேண்டியது. குற்றம் செய்தவர் யார் என்று கோபம் விசாரிப்பதில்லை. கைக்கு எட்டிய தூரத்தில் யார் நிற்கிறார் என்றே அது பார்க்கிறது.

பேருந்தில் நடப்பதைப் பாருங்கள். பாகூரிலிருந்து நகரத்திற்குச் செல்லும் வண்டி தாமதமாக வருகிறது. தாமதத்திற்குக் காரணமானவர் யாரோ, எங்கேயோ இருக்கிறார். ஆனால் நமக்குக் கோபம் வருவது, பக்கத்து இருக்கையில் கைபேசியில் பாட்டுக் கேட்பவர் மேல். வண்டி நேரத்திற்கு வந்த நாளில் அதே பாட்டு நம் காதில் விழுந்ததா என்று எண்ணிப் பார்த்தால் விடை தெரியும்.

ஊருக்கு உபதேசம் செய்வது எளிது. அடியேன் அனுபவம் ஒன்றை இங்கே விண்ணப்பிப்பதே நியாயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. ஸந்நிதியில் பெருங்கூட்டம். கழனி வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். அவருடைய குரல் மிகப் பெரியது. கோஷ்டியார் பாசுரம் ஸேவித்துக்கொண்டிருக்கும்போது, அடி முடிவதற்குள் அண்டம் அதிர ‘கோவிந்தா’ என்பார். ஸேவிப்பவர்கள் விட்ட இடம் தெரியாமல் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். தீர்த்தம் வாங்கிக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் கை நீட்டுவார். அன்று போதாக்குறைக்குக் கைபேசி ஒலித்தது. வரிசையில் நின்றபடியே யாருடனோ கறவை மாட்டின் விலையைக் குறித்து உரக்கப் பேசினார். பேசி முடித்து வந்து தலை குனிந்து நின்றார். அடியேன் சடாரியை அவருக்கு அடுத்து நின்றவர் தலையில் சாதித்து, மேலே நகர்ந்துவிட்டேன்.

வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூட்டத்தில் யாரும் கவனிக்கவுமில்லை. ஆனால் குனிந்த அந்தத் தலை ஒரு கணம் குனிந்தபடியே இருந்து, பிறகு மெல்ல நிமிர்ந்ததை அடியேன் கடைக்கண்ணால் பார்த்தேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சடாரி என்பது எம்பெருமான் திருவடி நிலைகள். சடகோபரான நம்மாழ்வார் திருநாமத்தையே பெற்றது. உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று பாராமல் எல்லார் தலையிலும் படுவதற்காக ஏற்பட்டது. அதைச் சுமக்கும் கை அடியேனுடையது. கொடுக்கவும் மறுக்கவும் அது அடியேன் சொத்து அன்று. கோபத்தினால் நினைவு தடுமாறும் என்று பாடசாலையில் பன்னிரண்டு வயதில் நெட்டுருப் போட்டது, ஐம்பது வயதில் விளங்கிற்று. ச்லோகத்தை மறப்பது அன்று அந்த நினைவுத் தடுமாற்றம். யாருடைய திருவடி நம் கையில் இருக்கிறது என்பதை மறப்பது.

பாடசாலை என்றதும் எங்கள் ஆசிரியர் நினைவிற்கு வருகிறார். சந்தை சொல்லும்போது எனக்குப் பக்கத்தில் சுருதியே சேராத ஒரு பையனை உட்கார வைத்திருந்தார். இடம் மாற்றித் தரும்படி கேட்டதற்கு, ‘அவன் சுருதியை விடு, சொல்லில் பிழை இருக்கிறதா என்று கேள்’ என்றார். சொல்லில் பிழை இல்லை. பிழை எல்லாம் என்னிடந்தான் இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனுடைய எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அதைச் சொல்லிவிட்டு, ‘அங்கே படித்த பிள்ளைகளுக்கும் பக்கத்தில் ஒரு அபஸ்வரம் உட்கார்ந்துதான் இருந்திருக்கும்’ என்று அவர் சிரிப்பார்.

ஸ்ரீமத் பாகவதம் பதினோராம் ஸ்கந்தத்தில் அவந்தி தேசத்து அந்தணன் ஒருவனுடைய சரித்ரம் வருகிறது. பெரும் செல்வனாய், பெரும் லோபியாய் இருந்தவன் பொருளை எல்லாம் இழந்து துறவியானான். பிக்ஷைக்கு வந்த இடத்தில் ஊரார் அவனுடைய தண்டத்தைப் பறித்தார்கள், பாத்திரத்தைப் பிடுங்கினார்கள், உண்ணும் சோற்றில் அசுத்தம் செய்தார்கள், தலையில் உமிழ்ந்தார்கள். நமக்கு நேர்வது இதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. அவன் தன் துன்பத்திற்குக் காரணம் யார் என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறான். மனிதர்களா, தேவதைகளா, க்ரஹங்களா, கர்மமா, காலமா என்று கேட்டு ஒவ்வொன்றையும் தள்ளி, மனமே காரணம் என்ற முடிவிற்கு வருகிறான். அவன் கூறும் த்ருஷ்டாந்தம் மிக அழகியது. தன் பல்லே தன் நாக்கைக் கடித்துவிட்டால், வலிக்கிறதே என்று யார் மேல் கோபிப்பது?

நம் ஆசார்யர்கள் இதற்கு மேலும் ஒரு படி சென்றார்கள். பொறுத்தால் மட்டும் போதாது என்பது பிள்ளை லோகாசார்யர் திருவுள்ளம். நமக்குத் தீங்கு செய்பவர்கள் விஷயத்தில் ஐந்து இருக்கவேண்டும் என்று அவர் ஸ்ரீவசனபூஷணத்தில் அருளிச்செய்கிறார். பொறை, க்ருபை, சிரிப்பு, உகப்பு, உபகார ஸ்ம்ருதி என்பவை அவை. மணவாள மாமுனிகள் அதற்கு விரிவாக வ்யாக்யானம் அருளியிருக்கிறார். பதில் செய்யாமல் இருப்பது பொறை. நாம் பொறுத்தாலும் ஈச்வரன் பொறுக்கமாட்டானே, இவர்களுக்கு என்ன நேருமோ என்று இரங்குவது க்ருபை. ஆத்மாவை ஒன்றும் செய்யமுடியாதவர்கள் வெளியில் உள்ளதைத் தொட்டுவிட்டு நம்மைக் கெடுத்துவிட்டதாக நினைக்கிறார்களே என்பது சிரிப்பு. நமக்குப் பகையான தேஹாபிமானம் அடிபடுகிறதே என்பது உகப்பு. நாம் மறந்திருந்த நம் குறைகளை நினைவூட்டினார்களே என்ற நன்றி, உபகார ஸ்ம்ருதி.

கடைசியில் கூறியதற்குப் பராசர பட்டர் சரித்ரமே சான்று. ஒருவன் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினான். பட்டர் தாம் அணிந்திருந்த ஆபரணத்தையும் உத்தரீயத்தையும் அவனுக்கே அளித்தாராம். எம்பெருமான் குணங்களைச் சொல்வதும் தன் குற்றங்களைச் சொல்லிக்கொள்வதும் வைஷ்ணவனுக்குக் கடமை, அவற்றில் ஒன்றை அடியேனுக்காக நீர் செய்தீர் என்பது அவர் கருத்து. நம்மால் இது ஆகுமா என்றால், ஐந்தில் முதலாவதே ஆகவில்லை என்று மேலே ஒப்புக்கொண்டாயிற்று.

அப்படியானால் கோயிலில் காலணி கிடந்தாலும், குளத்தில் குப்பை போட்டாலும் கேளாமல் இருப்பதா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கத்தான் வேண்டும். அபிஷேகப்பாக்கத்தை அடுத்த சிங்கிரிகுடியில் பதினாறு திருக்கரங்களுடன் ஹிரண்யனை வதம் செய்யும் நரஸிம்ஹனைச் சேவித்தவர்கள், நம் ஸம்ப்ரதாயத்தில் கோபத்திற்கு இடமே இல்லை என்று கூறமாட்டார்கள். ஆனால் அந்தக் கோபம் குழந்தை ப்ரஹ்லாதனுக்காக வந்தது. தன்னை நிந்தித்ததை அவன் எவ்வளவோ காலம் பொறுத்திருந்தான். நம் கோபத்தை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். குளம் கெடுகிறதே என்று வந்ததா, என் சொல் கேட்கவில்லையே என்று வந்ததா? முதலாவதாயின், அவரைத் தனியே அழைத்து ஒரு முறை தாழ்ந்த குரலில் சொல்வதோடு அது அடங்கிவிடும். பத்துப் பேர் கேட்கும்படி சொல்லத் தோன்றினால், அது இரண்டாவது என்று அறிக.

அந்தப் பெரியவர் அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அடியேன் துளஸிப் ப்ரஸாதம் எடுத்துக்கொண்டு, மிதிவண்டியில் அவர் இருக்கும் தெருவிற்குச் சென்றேன். ‘ஐயா, அன்று உங்களுக்குச் சடாரி சாதிக்காமல் விட்டது என் பிழை’ என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ‘என்ன சாமி, கூட்டத்தில் விட்டுப் போயிருக்கும் என்று நினைத்தேன். சம்பா நடவு ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் வரமுடியவில்லை’ என்றார். தெரு முழுவதும் கேட்கும் குரலில்தான் இதையும் சொன்னார். இரண்டு வீட்டில் கதவு திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவருக்குக் காது மந்தம் என்றோ, வீட்டில் பெருந்துயரம் என்றோ ஏதாவது தெரிந்திருந்தால் மனம் எளிதில் சமாதானம் அடைந்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. அவர் குரல் பெரியது, அவ்வளவே. பிறரைப் பொறுக்க நாம் ஒரு காரணம் கேட்கிறோம். ஸ்ரீவசனபூஷணம் எந்தக் காரணத்தையும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில், ஐந்தில் மூன்றாவது அடியேனுக்குக் கிடைத்தது. ஆனால் அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்தே வந்தது.

பாகூர்ப் பக்கத்து ஆஸ்திகர்களுக்குக் கெடில நதிக்கரைத் திருவஹீந்த்ரபுரம் தூரமன்று. ஸ்வாமி தேசிகன் பல்லாண்டுகள் எழுந்தருளியிருந்த திவ்ய தேசம். ஸர்வதந்த்ர ஸ்வதந்த்ரர் என்று விருது பெற்றவர் கிணறு கட்டுவாரா பார்க்கலாம் என்று ஒரு கொத்தன் அறைகூவ, தம் கையாலேயே அவர் கட்டிய கிணறு அங்கே இருக்கிறது. கொத்தன் வேண்டுமென்றே கோணலும் மாணலுமான செங்கற்களைக் கொடுத்தானாம். ஸ்வாமி அவற்றை உடைக்கவுமில்லை, வேறு கல் கேட்கவுமில்லை. எந்தக் கோணலுக்கு எந்த இடம் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்து வைத்தார் என்று பெரியோர்கள் கூறுவர். சேவிக்கச் செல்லும் அன்பர்கள் அந்தக் கிணற்றருகே சற்று நிற்கவேண்டும் என்று வேண்டுகிறேன்.

அப்பெரியவர் நடவு முடிந்து கார்த்திகையில் மறுபடி வரத் தொடங்கினார். மார்கழியில் கோஷ்டியார் அவருக்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு பாசுரம் முடிந்ததும் ஒருவர் அவரைப் பார்த்துத் தலையசைப்பார், அப்போது அவர் ‘கோவிந்தா’ சொல்லவேண்டும். பத்து நாள் வரையில் சரியாக நடந்தது. பதினோராம் நாள் தலையசைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். கோஷ்டியார் சற்று நிறுத்தி, அவர் சொல்லி முடித்த பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.