தடைக்காலத்தில் விசைப்படகுப் பராமரிப்பு

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டிலும் நாகையிலும் விசைப்படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்க இதுதான் நேரம்.

முதலில் சுக்கான் அருகே உள்ள துத்தநாகக் கட்டியைப் பாருங்கள். உப்புநீர் அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற உலோகங்களைக் காப்பது அதுதான். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஓராண்டு கடலில் கிடந்தும் புதிதுபோல் இருந்தால் மகிழ வேண்டாம். இணைப்பு விட்டிருக்கும், அல்லது மேலே பெயின்ட் பூசியிருப்பார்கள். அதன்மேல் பெயின்ட் படவே கூடாது.

புரொப்பல்லர் தண்டில் சுற்றிய நைலான் நூலை அறுத்தெடுங்கள். விட்டால் சீல் கிழிந்து தண்ணீர் ஏறும். மரப்படகென்றால் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து பார்த்த பிறகே வண்ணம். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று இருக்கிறதா? பட்டையை இழுத்தும் பாருங்கள். மீன்வளத்துறை ஆய்வுக்குப் பதிவுச் சான்று கையில் இருக்கட்டும்.