எத்தனை துருப்போ, அத்தனை பிடி

அட்டுவம்பட்டியில் பல்கலைக்கழகத் தோழிகளோடு பிரிட்ஜ் பழகும் வாசகி ஒருவரின் கேள்வி: "எதிரணி 1 ஆர்ட்டின். என் ஜோடி 1 இஸ்பேட். அவர்கள் 2 ஆர்ட்டின், நான் 2 இஸ்பேட். அவர்கள் 3 ஆர்ட்டினுக்கு ஏறினார்கள். கையில் 10 பாயின்ட் இருந்ததால் 3 இஸ்பேட் கேட்டேன். இரண்டு பிடி குறைந்தது. எங்கே தவறு?"

பாயின்டை எண்ணினீர்கள், துருப்பை எண்ணவில்லை. அதுதான் தவறு.

உங்கள் கையைப் பாருங்கள். இஸ்பேட் ராஜா, 8, 4. ஆர்ட்டின் ராணி, ஜாக்கி, 6. டைமன் ஏஸ், 9, 5, 3. கிளாவர் 10, 7, 2. ஓவர்கால் சொன்ன ஜோடியிடம் ஐந்து இஸ்பேட் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மூன்றும் சேர்ந்தால் எட்டுத் துருப்பு. எட்டுக்கு எட்டுப் பிடி, அதாவது 2 இஸ்பேட் வரைதான் போகலாம். ஆர்ட்டின் ராணியும் ஜாக்கியும் அவர்களைக் கவிழ்க்க உதவும். உங்கள் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் உதவாது. 3 ஆர்ட்டினுக்கு பாஸ் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு கை: இஸ்பேட் ராஜா, 8, 4, 2, ஆர்ட்டின் 6 மட்டும், டைமன் ஏஸ், 9, 5, 3, கிளாவர் 10, 7, 4, 2. ஏழே பாயின்ட். ஆனால் துருப்பு ஒன்பது. இதில் தயங்காமல் 3 இஸ்பேட் கேட்கலாம். அதையும் முதல் வாய்ப்பிலேயே கேளுங்கள். 2 சொல்லிவிட்டுப் பிறகு 3-க்கு ஏறினால், எதிராளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு சுற்றைத் தானம் செய்கிறீர்கள்.

இந்தக் கணக்கை பிரான்ஸின் ஜான்-ரெனே வெர்ன் 1969-ல் 'பிரிட்ஜ் வேர்ல்ட்' இதழில் விளக்கினார். இரு தரப்பும் தத்தம் துருப்பில் எடுக்கக்கூடிய பிடிகளின் கூட்டுத்தொகை, இரு தரப்புத் துருப்புகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமம். நமக்கு ஒன்பது, அவர்களுக்கு எட்டு என்றால் மொத்தம் 17. அவர்களுக்கு ஒன்பது பிடி கிடைத்தால் நமக்கு எட்டு: 140 கொடுப்பதற்குப் பதில் 50 கொடுக்கிறோம். அவர்களுக்கு எட்டு என்றால் நமக்கு ஒன்பது: 50 வாங்கும் இடத்தில் 140 வாங்குகிறோம். இரண்டு வகையிலும் 3 இஸ்பேட் லாபமே.

இது கைகாட்டி மட்டுமே. இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும்.

முதலாவது, வல்னரபிள் நிலை. அங்கே இரண்டு பிடி குறைந்தாலோ, டபுளில் ஒரு பிடி குறைந்தாலோ 200 போய்விடும். எதிராளியின் பார்ட்-ஸ்கோர் அவ்வளவு வராது.

இரண்டாவது, போட்டியின் வகை. சென்னையில் 2015-ல் நடந்த உலகப் போட்டியில் போலந்து பெர்முடா பௌலை வென்றது. அது அணி ஆட்டம். அங்கே 90 புள்ளி வித்தியாசத்துக்கு 3 இம்ப் மட்டுமே. மேட்ச்பாயின்ட் ஜோடி ஆட்டத்தில் அதே 90, டாப்பைப் பாட்டமாக்கிவிடும். அதனால் அங்கே 2, 3 நிலைகளில் விட்டுக்கொடுக்காமல் போராடுங்கள்.

உங்கள் எல்லை வரை ஏறிவிட்டால், அதன் பின் வாய் திறக்காதீர்கள். கடைசி ஊகம் எதிராளியுடையதாக இருக்கட்டும். யோசித்து யோசித்துத் தாமதமாக பாஸ் சொல்வதும் கூடாது. அந்தத் தயக்கம் ஜோடிக்குச் செய்தியாகிவிடும். அதைப் பயன்படுத்த விதி அனுமதிப்பதில்லை. ஆகவே ஜோடி ஏலம் சொன்னதுமே துருப்பைக் கூட்டி, எதுவரை போவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.