எல்லைப்புற ஊர்களும் வரலாற்றுக் கல்வியும்

மாநில எல்லைகள் ஆட்சி வசதிக்காக வகுக்கப்படுபவை. மக்களின் வாழ்வும் வரலாறும் அவ்வெல்லைகளைக் கடந்து தொடர்கின்றன. இவ்வுண்மையை நேரில் கண்டுணரச் சித்தூர், திருப்பதி வட்டாரம் சிறந்த பயிற்சிக் களமாகும்.

எல்லை அமைந்த வரலாறு

1911-இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சேர்ந்தது. பட்டாஸ்கர் பரிந்துரையை ஒட்டி 1959-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துடனும், சத்தியவேடு பகுதி ஆந்திரத்துடனும் இணைந்தன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கீழே குறிப்பிடப்படும் ஊர்கள் இன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை.

காண வேண்டிய ஊர்கள்

குடிமல்லம் சிறிய கிராமம். அங்குள்ள பரசுராமேசுவரர் கோயில் இலிங்கத்தின் முகப்பில், குள்ளன்மீது நிற்கும் உருவமொன்று செதுக்கப்பட்டுள்ளது. இதனைக் கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது என அறிஞர் பலர் கருதுவர். கோயிலில் பாணர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ளன.

காளத்திக்கு அருகிலுள்ள தொண்டமாநாடே பழைய தொண்டைமானாற்றூர். முதலாம் ஆதித்த சோழன் இங்கு மறைந்தான். அவன் நினைவாக அவன் மகன் முதலாம் பராந்தகன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இன்றும் உள்ளது.

சந்திரகிரி, விசயநகர அரசின் பிற்காலத் தலைநகரங்களுள் ஒன்று. அங்குள்ள இராஜமகால் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

ஒரு பாடம்

காளத்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய இராஜகோபுரம், 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. முன்னரே விரிசல்கள் தென்பட்டிருந்தமையால் மக்கள் அகற்றப்பட்டனர்; உயிர்கள் தப்பின. 2017-இல் புதிய கோபுரம் குடமுழுக்குக் கண்டது. எனினும் ஐந்நூறு ஆண்டுப் பழமையை மீண்டும் கட்டிவிட இயலாது. புகழ்பெற்ற தலத்திற்கே இந்நிலையெனில், சிற்றூர்க் கோயில்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயணத்தின் பயன்

இவ்வூர்களில் பெரும்பாலோர் தெலுங்கு பேசுவோர். அவர்தம் கோயிற் சுவர்களிலோ பழந்தமிழ் எழுத்துகள் உள்ளன. தம் ஊரின் நிலக்கொடை, நீர்நிலை, வரி ஆகியவை பற்றிய ஆவணம் அச்சுவரில் இருக்கக்கூடும் என்பதை அறியாதவர், அதன்மீது சுண்ணாம்பு பூசுவதில் வியப்பில்லை. எனவே மாணவர் குழுக்கள் பயணத்திற்கு முன்பே வெளியிடப்பட்ட கல்வெட்டுத் தொகுதிகளைப் படித்துச் செல்வது நலம். கல்வெட்டின் செய்தியைத் தெலுங்கு அறிந்த ஆசிரியர் துணையுடன் ஊராருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். எழுத்துகளின்மீது எண்ணெயோ சுண்ணப் பொடியோ தடவுதல் கூடாது. விரிசலோ செடி முளைத்தலோ கண்டால், இடத்தையும் நாளையும் குறித்து உரிய துறைக்குத் தெரிவிக்கலாம்.

அலுவலர்க்கும் இதில் பங்குண்டு. இருமொழி விளக்கப் பலகை, நல்ல சாலை, குடிநீர், கழிப்பிடம் ஆகியவை இருந்தால் சிற்றூர்களுக்கும் பயணிகள் வருவர். காளத்தியின் கலம்காரி ஓவியரிடம் நேரடியாகத் துணி வாங்கினால் வருவாய் அவ்வூரிலேயே தங்கும்.

தன் ஊர்க் கல் என்ன கூறுகிறது என்பதை அறிந்த கிராமம் அக்கல்லைத் தானே காக்கும். அவ்வறிவை ஊராரிடம் சேர்ப்பதே எல்லைப்புறக் கல்விப் பயணத்தின் தலையாய பணியாகும்.