கூட்டம் பெரிதாக இருந்தால் நலம் என்று அர்த்தமா?

காட்டுக்கோழிக்குச் செம்பனைத் தோட்டம் பிடித்த இடம். பினாங்கின் ஜுரு போன்ற ஊர்களில் வீட்டுக்கோழி மேய்வதும் அதே மண்ணில்தான். கூடவே நாலு வான்கோழியும் வளர்ப்பவர்கள் உண்டு. இந்தப் பறவைகளின் உடல்நலம் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகள் கூட்டத்தையே காவு வாங்கிவிடும்.

"வெளியில் மேயும் கோழிக்கு நோய் அண்டாது." 2006 பிப்ரவரியில் கோலாலம்பூர் செத்தாப்பாக் பக்கம் பறவைக் காய்ச்சலில் செத்து விழுந்தவை திறந்தவெளியில் மேய்ந்த கம்பத்துக்கோழிகள்தாம். அடுத்த மாதமே நோய் பேராக்கிலும் பினாங்கிலும் தலைகாட்டியது. மேய்ச்சல் உடம்பைத் தேற்றும், கிருமியைத் தடுக்காது.

"கோழி நன்றாகத்தானே இருக்கிறது, வான்கோழியையும் அதோடு விடலாம்." நான் மிகவும் அஞ்சுவது இந்த நம்பிக்கைக்குத்தான். கருந்தலை நோயை உண்டாக்கும் ஓரணு உயிரி, கோழியின் குடலில் வாழும் சிறு புழுவின் முட்டைக்குள் பதுங்கியிருக்கும். எச்சத்தோடு வெளியேறும் அந்த முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாங்கும். மண்புழு அதை விழுங்கும், வான்கோழி மண்புழுவைக் கொத்தும். கோழி பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது; வான்கோழியோ கொத்துக்கொத்தாகச் சாகும். தலை கறுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பல பறவைகளில் அது கறுப்பதே இல்லை. எச்சம் கந்தகம்போல் மஞ்சளாகப் போகிறதா என்று பாருங்கள்.

எச்சம் என்றதும் இன்னொன்று. பழுப்பு நிறத்தில், பசைபோல், குடலைப் புரட்டும் நாற்றத்தோடு கிடப்பதைக் கண்டு பேதி என்று பதறுகிறார்கள். அது பெருங்குடல் முனையிலுள்ள குடற்பைகளிலிருந்து வருவது. நாளுக்குச் சில தடவை அப்படிப் போவது இயல்பு. நல்ல எச்சத்தின் மேல் தெரியும் வெள்ளைப் பூச்சும் நோயல்ல, அது பறவையின் சிறுநீர் உப்பு.

"ஐம்பது உருப்படி சேர்ந்து மேய்கிறதே, கூட்டத்துக்கு என்ன குறை?" வான்கோழியின் தாயகமான அமெரிக்காவில் காட்டுக் கூட்டத்தின் நலத்தைத் தலையெண்ணி மட்டும் முடிவு செய்வதில்லை. கோடையில் ஒரு பெட்டைக்கு எத்தனை குஞ்சு என்று கணக்கெடுக்கிறார்கள். சுமார் இரண்டுக்குக் கீழே இறங்கினால் கவலைப்படுவார்கள். குளிர்காலத்தில் பல கூட்டங்கள் ஒன்றுசேர்வதால் எண்ணிக்கை கண்ணை ஏமாற்றும். உங்கள் கொல்லையிலும் குஞ்சுகளை எண்ணுங்கள். விடியலில் கடைசியாக இறங்கிவரும் பறவையையும் கவனியுங்கள். பலவீனத்தைக் காட்டினால் ஆபத்து என்பதால் பறவை நோயை முடிந்தவரை மறைக்கும். சிறகு சிலிர்த்துக் கூனி நிற்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

"பண்ணைப் பறவையைக் காட்டில் விட்டால் இனம் பெருகும்." அமெரிக்காவில் வான்கோழியை வைத்து இதைப் பல்லாண்டு செய்து தோற்றார்கள். காட்டில் வலைவீசிப் பிடித்த பறவைகளை வேறு காடுகளில் விட்ட பிறகே இனம் மீண்டது. நம் காட்டுக்கோழிக்கோ, வீட்டுக்கோழியின் மரபு கலப்பதே பெரிய ஆபத்து.

கடைசியாக, "சாகுமுன் அறுத்துச் சமைத்துவிட்டால் நட்டமில்லை." நன்றாக வெந்த கறியில் பறவைக் காய்ச்சல் கிருமி பிழைக்காது என்பது சரி. ஆனால் அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும் அது மனிதருக்குத் தொற்றக்கூடும். வெறுங்கையால் தொடாதீர்கள். ஒன்றிரண்டு நாளில் பல கோழிகள் செத்தால் கால்நடைச் சேவைத் துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை மீதியை மேய விடாமல் அடைத்து வையுங்கள்.