திவாலா, மோசடியா? கணக்குப் புத்தகம் சொல்லும்



"கம்பெனி திவாலாகிவிட்டது, கையில் ஒன்றுமில்லை" என்று முதலாளி சொன்னதும், சம்பள பாக்கி உள்ளவர்களும் டெபாசிட் போட்டவர்களும் நஸீபு இதுதான் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். திவாலாவது குற்றமல்ல. நொடித்துப்போன கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்கிறது அல்குர்ஆன் (2:280). ஆனால் சொத்தை ஒளித்துவிட்டுக் கையை விரிப்பவர் நொடித்தவர் அல்லர், அமானிதத்தை அபகரித்தவர். இருவரையும் பிரித்துக் காட்டுவது கணக்குப் புத்தகம்தான்.

நம் பகுதிக்கு அருகில், பாரிமுனைப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். மதராஸின் பெரிய வெள்ளைக்கார நிறுவனமான ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22 அன்று திவால் மனு கொடுத்தது. பென்ஷன்காரர்கள், விதவைகள் எனப் பலரின் சேமிப்பு அதில் இருந்தது. கணக்குகள் நீதிமன்றத்துக்கு வந்தபோது உண்மை வெளியானது. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. இந்தியர்களின் பணம் இந்தியர் கையில் இருக்கட்டும் என்று 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

இன்று இதற்கென்றே தடயவியல் கணக்காய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்ப்பவை மூன்று:

1. ஏட்டில் உள்ள சரக்கு குடோனில் உண்டா? துறைமுகத்தில் இறங்கியதாகச் சொல்லும் சரக்குக்குச் சுங்கச் சீட்டும் லாரி எடைச் சீட்டும் உண்டா?
2. உற்பத்தி பெருகியதாக எழுதியிருந்தால் மின்கட்டணமும் அதற்கேற்பக் கூடியதா?
3. மூடுவதற்கு முன் பணமும் சொத்தும் யாருக்குப் போயின? 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின்படி, கம்பெனியோடு தொடர்புடையவர்களுக்குச் சலுகையாகக் கொடுத்ததை 2 ஆண்டு வரையும், மற்றவர்களுக்குக் கொடுத்ததை 1 ஆண்டு வரையும் பின்னோக்கிப் பார்த்து மீட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது என்ன? திவால் நடவடிக்கை தொடங்கினால் நாளிதழில் பொது அறிவிப்பு வரும். அதில் குறித்த கடைசித் தேதிக்குள் (வழக்கமாக 14 நாள்) உரிமைக் கோரிக்கை கொடுக்க வேண்டும். தொழிலாளிக்கு அது படிவம் 'டி'. கம்பெனி கலைக்கப்பட்டால், தொழிலாளரின் 24 மாத நிலுவை, ஈடு வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளுக்குச் சமமான வரிசையில் நிற்கும். பி.எஃப். பணத்தைக் கடன்காரர்களுக்குப் பங்கு போட முடியாது. டெபாசிட் மோசடி என்றால் 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். சம்பளச் சீட்டு, பாஸ்புக், ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள். "நம்ம ஆளுதானே" என்று எழுத்தில்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனமே (2:282) குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நினைவில் வையுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்