ஜூரி அழைப்பு வந்திருக்கும் பேத்திக்கு

15 வேலம்பாளையம்,
திருப்பூர்.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்புச்சி எழுதுகிறேன். கலிபோர்னியா கோர்ட்டிலிருந்து உனக்குக் கடுதாசி வந்திருக்கிறது என்று நீ போனில் சொன்னதை உங்க அம்மாயி அரைகுறையாகக் கேட்டுவிட்டு, பேத்தி மேல் யாரோ கேஸ் போட்டுவிட்டார்கள் என்று சோறு இறங்காமல் கிடந்தாள். அது கேஸ் இல்லை, ஜூரியில் வந்து உட்காரச் சொல்கிற அழைப்பு என்று விளக்கினேன். அப்புறம், கிரீன் கார்டுக்காரி என்பதால் உன்னை அங்கே உட்காரவிட மாட்டார்கள் என்றும் சொன்னேன். "உக்கார வைக்காதவங்க எதுக்குக் கூப்புடறாங்க?" என்றாள். நீ கேட்டதும் கிட்டத்தட்ட அதுதானே. கேள்வி நியாயமானது. ஆனால் பதில் எழுதுவதற்கு முன்னால் நீ உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாநிலத்தில் வாக்காளர் பட்டியல், டிரைவிங் லைசென்ஸ் பட்டியல் இரண்டிலிருந்தும் ஜூரிக்குப் பெயர் எடுக்கிறார்கள். 2022 முதல் மாநில வருமான வரி கட்டுகிறவர்கள் பட்டியலும் சேர்ந்துகொண்டது. வண்டி ஓட்டுகிறவர்களிலும் வரி கட்டுகிறவர்களிலும் யார் குடிமக்கள், யார் இல்லை என்று அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. அதனால்தான் உன் பெயருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. கூட வந்த படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்வி இருக்கும். குடிமகள் அல்ல என்று குறித்து, கையெழுத்துப் போட்டு, கெடுவுக்குள் அனுப்பிவிடு. ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள். பதிலே போடாமல் மேஜை டிராயரில் போட்டு வைத்தால் அபராதம் வரலாம்.

அதைவிடப் பெரிய வினை இன்னொன்று இருக்கிறது. எப்படித்தான் நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமே என்ற ஆசையில் "குடிமகள்" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடாதே. குடியுரிமை இல்லாதவர் இருப்பதாகச் சொல்வதை அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டம் லேசில் மன்னிப்பதில்லை. கிரீன் கார்டே பறிபோகலாம். பின்னால் குடியுரிமைக்கு மனுப் போடும்போது, எப்போதாவது உன்னை அமெரிக்கக் குடிமகள் என்று சொல்லிக்கொண்டதுண்டா என்று நேராகவே கேட்பார்கள். லைசென்ஸ் எடுக்கிற இடத்தில் வாக்காளராகச் சேர்கிறாயா என்று கேட்டாலும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வரி கட்டுகிறேன், வீடு வாங்கியிருக்கிறேன், பிள்ளை அங்கே பள்ளிக்கூடம் போகிறான், ஜூரியில் மட்டும் எனக்கு ஏன் இடமில்லை என்கிறாய். இது உனக்கு மட்டும் தோன்றியதில்லை. 2013-ல் கலிபோர்னியா சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும், சட்டப்படி குடியேறி வாழ்கிறவர்களை ஜூரியில் சேர்க்கலாம் என்று மசோதா நிறைவேற்றின. கவர்னர் ஜெர்ரி பிரவுன் அந்த அக்டோபரில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஓட்டுப் போடுவதைப் போல ஜூரிப் பணியும் குடிமக்களுக்கே உரிய உரிமை, அவர்களுக்கே உரிய பொறுப்பு என்பது அவர் சொன்ன காரணம். வேடிக்கை என்னவென்றால், அதே நாட்களில் அவரே கையெழுத்துப் போட்ட இன்னொரு சட்டம், முறையான குடியேற்றப் பத்திரமே இல்லாதவர்களும் வக்கீல் ஆகலாம் என்று வழிவிட்டது. அதற்கு 40 வருஷம் முன்பே, 1973-ல், குடியுரிமை இல்லை என்பதற்காக மட்டும் ஒருவருக்கு வக்கீல் தொழிலை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆக, நீ சட்டம் படித்திருந்தால் ஜூரிக்கு முன்னால் நின்று வாதாடலாம். அவர்களோடு உட்கார மட்டும் முடியாது.

வெளிநாட்டான் ஜூரியில் உட்காருவது உலகத்தில் நடக்காத காரியமும் அல்ல. இங்கிலாந்தில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்து 1870 வரை, வழக்கில் மாட்டிய வெளிநாட்டுக்காரன் தன் ஜூரியில் பாதிப் பேர் வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். ஊர்க்காரர்கள் மட்டும் கூடி அசலூர்க்காரனுக்குத் தீர்ப்புச் சொன்னால் அவன் ஏற்கமாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டுக் கதை இன்னும் சுவாரசியம். 1883-ல், இந்திய மாஜிஸ்திரேட்டுகளும் வெள்ளைக்காரர்களை விசாரிக்கலாம் என்று இல்பர்ட் மசோதா வந்தது. வெள்ளைக்காரர்கள் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். கடைசியில் சமரசமாகி 1884-ல் சட்டம் வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட ஐரோப்பியன் தன் ஜூரியில் குறைந்தது பாதிப் பேர் ஐரோப்பியர் அல்லது அமெரிக்கராக இருக்கும்படி கேட்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். அமெரிக்கனுக்கு இந்த நாட்டு ஜூரியில் இடம் உண்டு என்று சட்டத்திலேயே இருந்தது, பார்த்துக்கொள். ஆனால் அதை நமக்கு முன்மாதிரி என்று சொல்ல மாட்டேன். தன் ஆளைக் காப்பாற்றிக்கொள்ளப் பலசாலி போட்டுக்கொண்ட வேலி அது. இன்று நீ கேட்பது அதற்கு நேர் எதிரானது.

நம் பக்கம் ஜூரி என்றால் பெரியவர்களுக்கு நினைவு வருவது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1945-ல் சென்னையில் ஜூரி வைத்து விசாரித்துத்தான் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் தண்டனை கொடுத்தார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் விடுதலை ஆனார்கள். 1959-ல் பம்பாயில் ஒரு கொலை வழக்கில் நானாவதி என்பவரை ஜூரி விடுவித்தது, மேல் கோர்ட்டு அதை மாற்றியது. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று. அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கோர்ட்டு அனுபவம் கிடையாது. பனியன் கம்பெனி அனுபவம்தான்.

நான் பர்சனல் ஆபீசராக இருந்த ஒரு கம்பெனியில் பீஸ் குறைகிறது என்று ஒரு ஒடிசாப் பையன் மேல் புகார் வந்தது. பேட்லாக் மெஷினில் உட்காருகிறவன். விசாரிக்க உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தமிழ் ஆட்கள். பீஸ் கணக்கு நோட்டில் அவன் கையெழுத்து வரிசையாக இருந்தது. கையெழுத்துப் போட்டிருக்கிறான், அப்புறம் என்ன பேச்சு, சம்பளத்தில் பிடித்துவிடலாம் என்று முடிக்கப் போனோம். பையன் முகத்தைப் பார்த்தால் எதையும் நம்பி நிற்கிறவனாகத் தெரியவில்லை. அதனால் செக்கிங்கில் இருந்த ஒடிசாப் பெண் ஒருத்தியையும் கமிட்டியில் சேர்த்து மறுபடி உட்கார்ந்தோம். அவள் நோட்டை வாங்கி நாலு பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பக்கமெல்லாம் தமிழ்ல இருக்கு. இவனுக்கு இதைப் படிச்சுச் சொன்னது யாரு?" யாருமே சொன்னதில்லை. சூப்பர்வைசர் நோட்டை நீட்டியிருக்கிறார், அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். கணக்கை முதலிலிருந்து எடுத்தோம். அவன் மேல் தப்பே இல்லை என்று வரவில்லை. ஆனால் பிடிக்க இருந்த தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தப் பிடித்தத்தை அவன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டு, மறுநாள் ஷிப்டுக்கு வந்துவிட்டான்.

எங்கள் ஒருத்தருக்கும் அவன் மேல் பகை கிடையாது. படிக்கத் தெரியாத எழுத்தில் கையெழுத்துப் போட்ட அனுபவம்தான் எங்களுக்கு இல்லை. வெவ்வேறு வாழ்க்கை வாழ்ந்தவர்களைச் சேர்த்து உட்கார வைப்பது இதற்காகத்தான். இலங்கையில் பார். எம்.பி.யாக இருந்த நடராஜா ரவிராஜ் 2006-ல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2016 டிசம்பரில் சிங்களவர் மட்டுமே இருந்த ஜூரி, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. ஜூரியில் இருந்தவர்கள் அனைவரும் அந்த நாட்டுக் குடிமக்கள்தான். சாட்சியத்தை அவர்கள் எப்படி எடைபோட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழர்கள் அந்தத் தீர்ப்பை நம்பவில்லை. குடியுரிமைப் பத்திரம் மட்டும் அந்த நம்பிக்கையைக் கொண்டுவந்துவிடாது.

இவ்வளவும் உன் பக்கம் பேசினேன். இப்போது எதிர்ப்பக்கமும் கேள். அந்தச் செக்கிங் பெண் கேட்ட கேள்வியைச் சொன்னேனே, அதை அவள் எப்போது கேட்டாள் தெரியுமா? ஃபேக்டரி மானேஜர் போன் வந்து எழுந்து வெளியே போன பிறகு. அதுவரை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சம்பளமும் ஹாஸ்டல் கட்டிலும் அந்த ஒரே கையிலிருந்துதான் வருகிறது. நாற்காலி கொடுத்துவிட்டோம், சரி. பேசினால் ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தை யார் கொடுப்பது?

ஜூரிக்கு முக்கியமான லட்சணமே அந்தத் தைரியம்தான். கிரிமினல் கேஸில் ஒரு பக்கம் நிற்பது அரசாங்கம். 1670-ல் லண்டனில் வில்லியம் பென்னைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரிகளைச் சோறு தண்ணி இல்லாமல் பூட்டி வைத்தார்கள், அபராதம் போட்டுச் சிறைக்கும் அனுப்பினார்கள். அதில் புஷல் என்பவர் வழக்குப் போட்டுத்தான், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்று முடிவானது. தான் அந்த நாட்டில் இருப்பதா போவதா என்பதையே அரசாங்கத்தின் கையில் வைத்திருப்பவன், அதே அரசாங்கத்தைப் பார்த்து "உங்கள் கேஸ் நிற்காது" என்று சொல்வானா? பிரவுன் சொன்ன காரணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

ஓட்டும் ஜூரியும் ஒன்று என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. யார் ஆள வேண்டும் என்பதை ஓட்டு முடிவு செய்கிறது. இந்த ஆள் இதைச் செய்தானா இல்லையா என்பதை ஜூரி முடிவு செய்கிறது. இரண்டாவதற்குக் கண்ணும் காதும் அந்த ஊரில் குடித்தனம் நடத்திய பழக்கமும் போதும். ஆகவே என் கட்சி இது: கிரீன் கார்டு வாங்கி அங்கேயே நிலைத்துவிட்டவர்களைச் சேர்க்கலாம். ஜூரியில் சொன்ன தீர்ப்பை அவர்களுடைய குடியேற்ற ஃபைலில் யாரும் இழுக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டுச் சேர்க்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர்களைச் சேர்க்கக் கூடாது. வேலை போனால் நாட்டைவிட்டே கிளம்ப வேண்டியவனை நடுவராக உட்கார வைப்பது அவனுக்கும் நல்லதில்லை, கூண்டில் நிற்பவனுக்கும் நல்லதில்லை. உன் வீட்டுக்காரர் விசாவில் காத்திருந்த காலத்தில் மேலதிகாரியின் ஒரு மெயிலுக்கு எப்படிப் பதறுவார் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

சட்டம் அப்படி மாறும் வரைக்கும் உனக்கு வேலை இல்லாமல் இல்லை. உன் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுது. ஓட்டு இல்லாதவரும் கடுதாசி எழுதலாம். ஒரு நாள் லீவு போட்டு அந்தக் கோர்ட்டுக்குப் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து பார். பொதுவாக வழக்கு விசாரணையை யாரும் போய்ப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்திலோ குடியிருப்புச் சங்கத்திலோ வழக்குத் தீர்க்கக் கூப்பிட்டால் ஒதுங்கிப் போகாதே. அங்கேயும் உன்னைப் போல வந்தவர்கள் மேல் புகார் வரும். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி உனக்குத்தான் தோன்றும்.

கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் ஆனதும் குடியுரிமைக்கு மனுப் போடலாம். இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனசு வரவில்லை என்கிறாய். இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டம் இடம் தராது. அதை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள், நான் தள்ளவும் மாட்டேன், இழுக்கவும் மாட்டேன். ஆனால் குடியுரிமை வாங்கினால் ஒன்று. ஜூரி அழைப்பு வந்தால் ஆபீஸ் வேலை, பிள்ளைக்குப் பரீட்சை என்று சாக்குச் சொல்லித் தப்பிக்கிறவர்கள் அங்கேயும் நிறைய என்று நீயே சிரித்தாய். இடம் கேட்டுச் சண்டை போட்டுவிட்டு, இடம் கிடைத்ததும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டால் இன்று கேட்ட கேள்விக்கு மரியாதை இருக்காது.

படிவத்தை இந்த வாரமே அனுப்பிவிட்டுப் போன் பண்ணு. அம்மாயி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்புச்சி