டிரெய்லரின் ஆட்டம்

அமெரிக்க நாட்டில் விடுமுறைப் பயணம் செல்வோர் பலர், சிறு வீடுபோன்ற டிரெய்லரைக் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வர். நெடுஞ்சாலையில் அது சிலபோது மீன்வால்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். பக்கக்காற்று அதனைத் தூண்டலாம். மூலகாரணமோ பெரும்பாலும் சுமையேற்றிய முறையே. அச்சுக்குப் பின்னே பாரம் மிகுந்தால், கொக்கியை அழுத்தும் எடை குறையும். கனத்த பின்புறம் ஊசல்போல் அலையும். முன்பாரம், பின்பாரம் அறிந்த மாட்டுவண்டிக்காரர்க்கு இது வியப்பன்று. 2,000 கிலோ எடையுள்ள டிரெய்லராயின், அதில் 10 முதல் 15 விழுக்காடு, அதாவது 200 முதல் 300 கிலோ, கொக்கியின்மேல் அமைதல் வேண்டும். கண்மதிப்பு ஏமாற்றும், நிறுத்துப் பார்த்தலே நலம். ஆட்டம் தோன்றியபின் வேகத்தைக் கூட்டுவது பேதைமை. அசைவு பெருகுமேயன்றி அடங்காது. வேக மிதியினின்று காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கின், அது காரைப் பின்னிழுத்து நேராகும்.